பூஜ்யம் கெல்வின்ல சூடாகிப்போன மாலிக்யூல்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழுல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் ஒரு கிராஃப கொண்டுவந்து மேசைல வச்சு "அண்ணே, இந்தக் கோடு ஏன் மேல போகுது"ன்னு கேட்டான். வெளி வெப்பநிலை பூஜ்யம் கெல்வின். மாலிக்யூல் அதோட அடிமட்ட நிலைலேருந்து கிளம்புது, லைட் எதுவும் அடிக்கல. அப்படின்னா மொத்த சக்தி படுக்கை கோடா அசையாம கிடக்கணும். ஆனா அது பிக்கோ நொடிக்கு (நொடில லட்சம் கோடில ஒரு பங்கு) கிட்டத்தட்ட 100 வேவ்நம்பர் (சக்திய அளக்கற அலகு) வேகத்துல ஏறி, எரநூறு பிக்கோ நொடி நெருங்கறப்ப 4000 பக்கத்துல போய் தட்டையாகி நிக்குது. அந்தக் கோட்ட போட்ட கம்ப்யூட்டர் மாடல எழுதினது நான். அத வச்சு மூணு வாரமா கிராஃப் போட்டு, "நல்லாருக்கே"ன்னு நானே சொல்லிட்டு இருந்தேன். அதனால இத முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு, எங்க தப்பு, ஏன் அது கண்ல படல, சரி பண்ணப்புறம் என்ன மிச்சம் இருந்துச்சு, எல்லாமே.

மொதல்ல மாலிக்யூல் பத்தி. மிக்ஸட் வேலன்ஸ்னா ஒரே மாலிக்யூல்ல ஒரே உலோகம் ரெண்டு வேற சார்ஜ்ல உக்காந்திருக்கறது, ஒண்ணு பிளஸ் 2, இன்னொண்ணு பிளஸ் 3, நடுவுல ஒரு பிரிட்ஜ். புரஷ்யன் ப்ளூ பெயிண்டோட அந்த ஆழமான நீலம் இப்படி வர்றதுதான், பிளஸ் 2 இரும்புலேருந்து சயனைடு வழியா பிளஸ் 3 இரும்புக்கு எலக்ட்ரான் தாவ லைட்ட உறிஞ்சுது. இந்தத் துறைல எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பிக்கற மாலிக்யூல் க்ரூட்ஸ்-டாபே அயான். 1969-ல கேரல் க்ரூட்ஸும் ஹென்றி டாபேயும் செஞ்சது, ரெண்டு ருத்தீனியம், ஒவ்வொண்ணையும் சுத்தி அஞ்சு அமோனியா, நடுவுல பைரசீன், மொத்த சார்ஜ் பிளஸ் 5. கணக்குப்படி ஒரு ருத்தீனியத்துக்கு ரெண்டரை. கேள்வி என்னன்னா எலக்ட்ரான் ஒரு பக்கம் உக்காந்து அப்பப்ப தாவுதா, இல்ல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பரவி கிடக்கா. ராபினும் டேயும் 1967-ல இத மூணு கிளாஸா பிரிச்சாங்க: பேச்சுவார்த்தையே இல்லாதது ஒண்ணு, தாவுறது ரெண்டு, பரவிக் கிடக்கறது மூணு.

எந்த கிளாஸ்னு கண்டுபிடிக்க, அகச்சிவப்புக்கு பக்கத்துல மாலிக்யூல் லைட்ட உறிஞ்சற பேண்டோட அகலத்த பாப்பாங்க. ஹஷ் 1967-ல கொடுத்த கணக்குப்படி, தாவுற வகைன்னா அறை வெப்பநிலைல 2310-ஐ பேண்டோட சக்தியால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா அகலம் வந்துடும். க்ரூட்ஸ்-டாபே பேண்ட் 1570 நானோமீட்டர், அதாவது 6370 வேவ்நம்பர், கணக்கு போட்டா அகலம் 3800-க்கு மேல வரணும், ஆனா அளந்தா 1400 பக்கம்தான் இருக்கு. இவ்ளோ ஒல்லியா இருந்தா அது மூணாம் கிளாஸ் பக்கம்தான், அங்க பேண்டோட சக்தி நேரா ரெண்டு மடங்கு கப்ளிங் (ரெண்டு பக்கத்தையும் இணைக்கற பலம்).

இனி மாடல். ரெண்டு எலக்ட்ரான் நிலை, இடது வலதுன்னு வச்சுக்கலாம், ஒரு வைப்ரேஷன், அத ஒரு ஸ்பிரிங்னு நினைச்சுக்கலாம். எலக்ட்ரான் இடது பக்கம்னா ஸ்பிரிங் ஒரு பக்கம் நகந்து நிக்கும், வலதுன்னா மறுபக்கம். 1978-ல பீபோ, கிரவுஸ், ஷாட்ஸ் மூணு பேரும் போட்ட மாடலோட அச்சு அசல் இதுதான், அதுக்கு அடில இருக்கறது 1956-ல மார்கஸ் வரைஞ்ச ரெண்டு பரவளையம். நான் எடுத்த எண்கள் பொம்மை எண்கள்தான், தெரிஞ்சே எடுத்தது: வைப்ரேஷன் 500 வேவ்நம்பர், அதாவது ஒரு ஆட்டத்துக்கு 67 ஃபெம்டோ நொடி (ஆயிரம் ஃபெம்டோ ஒரு பிக்கோ). ரீஆர்கனைசேஷன் சக்தி (எலக்ட்ரான் தாவினப்புறம் ஸ்பிரிங் புது இடத்துக்கு நகந்து அடங்கும்போது வெளிவர்ற சக்தி), அதாவது லாம்ப்டா, 6000. கப்ளிங் ரெண்டு விதம், 500 போட்டா ரெண்டாம் கிளாஸ், 4000 போட்டா மூணாம் கிளாஸ். சக்திய சுத்தி இருக்கற சால்வன்ட் (கரைப்பான்) உறிஞ்சறதுக்கு ஒரு டேம்பிங், காமா, பிக்கோ நொடிக்கு ஒண்ணு.

ஆரம்பத்துலயே ஒரு சின்ன அடி வாங்கினேன், அத சொல்லிட்டு போறேன். வைப்ரேஷனுக்கு 20 படி (ஸ்பிரிங்கோட சக்தி நிலைகள்) வச்சிருந்தேன், போதும்னு நினைச்சேன். லைட் அடிச்சு எலக்ட்ரான இடதுலேருந்து வலதுக்கு தூக்கினா ஸ்பிரிங் இடது பள்ளத்துலேருந்து கிளம்பி வலது பள்ளத்த தாண்டி அதே தூரம் அந்தப்பக்கம் போகும், நடுப்புள்ளிலேருந்து பாத்தா பள்ளம் இருக்கற தூரத்தோட மூணு மடங்கு. என் எண்களுக்கு அந்த கோடில சராசரியா 27 படி உயரத்துல இருக்கும், அதுக்கு மேலயும் கீழயும் ஒரு அஞ்சாறு படி பரவல் வேற. நான் வச்சதோ 20. அலை போய் சுவத்துல முட்டி திரும்பி வருது, நான் அத பாத்து "ஆஹா கோஹெரன்ட் ஆசிலேஷன்"ன்னு நோட்ல எழுதி வச்சிருக்கேன். 60 படியாக்குனதும் அந்த அழகெல்லாம் போச்சு. இது எல்லாரும் பண்ற தப்பு, இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

பெரிய தப்பு டேம்பிங்ல. லிண்ட்பிளாட் சமன்பாடுன்னு ஒண்ணு இருக்கு, வெளி உலகத்தோட ஒட்டியிருக்கற குவாண்டம் அமைப்பு எப்படி மாறும்னு சொல்றது, 1976-ல லிண்ட்பிளாடும், தனியா கோரினி-கொஸ்ஸகோவ்ஸ்கி-சுதர்சனும் கொடுத்தது. சக்தி வெளிய கசியறத இதுல போடணும்னா "ஒரு படி கீழ இறக்கு"ங்கற ஆபரேட்டர (ஒரு நிலைய இன்னொண்ணா மாத்தற கணிதக் கருவி) வச்சு, அத காமா வேகத்துல ஓட விடலாம். எல்லா பாடத்துலயும் ஸ்பிரிங்குக்கு இதுதான், நானும் அதையேதான் போட்டேன். ரெண்டாம் கிளாஸ்ல ஓட்டிப் பாத்தேன், பிரமாதம். லைட் அடிச்சதும் மேல போகுது, சில பிக்கோ நொடில பள்ளத்துல அடங்கி உக்காருது, பள்ளத்தோட இடமும் சரி. உடனே கப்ளிங்க 4000 ஆக்கி மூணாம் கிளாஸ்ல ஓட்டினேன், இடது-வலது எலக்ட்ரான் பங்கு ப்ளாட் பண்ணேன், பாதிக்குப் பாதி, எதிர்பாத்ததுதானே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மாலிக்யூல். சந்தோஷமா மூடி வச்சுட்டேன்.

இங்கதான் கவனிக்கணும். இடது-வலது சமமா இருக்கற மாலிக்யூல்ல இடது-வலது பங்க பாத்தா எது நடந்தாலும் பாதிதான் வரும்! அடிமட்டத்துல இருந்தாலும் பாதி, கொதிச்சுட்டு இருந்தாலும் பாதி. நான் ப்ளாட் பண்ண ஒரே விஷயம் தப்ப காட்டவே முடியாத விஷயம். தம்பி மொத்த சக்திய ப்ளாட் பண்ணான், அதுவும் 20 பிக்கோ நொடின்னு போட வேண்டிய எடத்துல ஒரு பூஜ்யம் சேத்து அடிச்சுட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டுட்டு போயிட்டான். அந்த எக்ஸ்ட்ரா பூஜ்யம்தான் காப்பாத்துச்சு.

மொதல்ல நான் நம்பல. "டைம் ஸ்டெப் பெருசா இருக்கும் தம்பி, குறைச்சு ஓட்டு"ன்னேன். குறைச்சான், மாறல. படிகள 60-லேருந்து 80 ஆக்கினான், மாறல. கடைசியா காமாவ பத்துல ஒரு பங்கா குறைச்சான். கோடு பத்து மடங்கு மெதுவா ஏறுச்சு, ஆனா போய் நின்ன இடம் அதே 4000. "அண்ணே, எவ்ளோ கம்மியா உராய்வு வச்சாலும் அங்கதான் போகுது, லேட்டா போகுது அவ்ளோதான்." அப்பதான் உறைச்சுது. எண்ணுல தப்பு இருந்தா எண்ண மாத்தும்போது முடிவு மாறும். முடிவு மாறாம வேகம் மட்டும் மாறுச்சுன்னா தப்பு ஆபரேட்டர்ல.

என்ன நடக்குதுன்னா, "ஒரு படி இறக்கு"ங்கறது தனியா கிடக்கற ஸ்பிரிங்கோட படிக்கட்டு. மூணாம் கிளாஸ்ல எலக்ட்ரானும் ஸ்பிரிங்கும் ஒண்ணா கலந்துட்டதால படிக்கட்டே வேற ஆயிடுது. கலந்தப்புறம் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு சக்திப் பரப்பு வரும், அதுல கீழ் பரப்போட வளைவு எவ்ளோ குறையும்னா, ஒண்ணுலேருந்து லாம்ப்டாவ ரெண்டு மடங்கு கப்ளிங்கால வகுத்தத கழிச்சா வர்றது, என் எண்களுக்கு 6000-ஐ 8000-ஆல வகுத்தா முக்கால், மிச்சம் கால். வளைவு காலானா அதிர்வெண் பாதி, 500 இருந்தது 250 ஆயிடுச்சு. புது வீட்டுக்கு வந்து இருட்டுல பழைய வீட்டு படிக்கட்டு ஞாபகத்துல கால் வச்ச கதைதான். அடிமட்டத்துல நிக்கற மாலிக்யூல பழைய ஏணிப்படி "இறக்கினா" அது கீழ போகாது, கீழ எதுவும் இல்ல, அதனால பக்கத்துல மேல இருக்கற நிலைகள்ல போய் விழுது. குளிர்ந்த சால்வன்ட் மாலிக்யூலுக்கு சக்தி தானம் பண்ணுது!

இத காகிதத்துலயே போட்டுப் பாக்கலாம், ரெண்டு மூணு வரிதான். 250 ஸ்பிரிங்க 500-க்கான இறக்கி வச்சு டேம்ப் பண்ணா, வெளில பூஜ்யம் கெல்வினா இருந்தாலும் சராசரியா எட்டுல ஒரு குவாண்டம் (ஒரு படி அளவு சக்தி) மிச்சம் நிக்கும், காமா எவ்ளோ சின்னதானாலும் சரி. எட்டுல ஒண்ணுன்னா சின்னதா தோணும், ஆனா அத வெப்பநிலையா மாத்தினா 164 கெல்வின். பரப்பு அச்சு அசல் பரவளையம் இல்லங்கறதுக்கான திருத்தத்த சேத்தா கொஞ்சம் இறங்கும், 150-க்கு மேலதான் இருக்கும். இதவிட வேடிக்கை, வெளில 300 கெல்வின்னு வச்சு அதே கணக்க போட்டா மாலிக்யூல் 224 கெல்வின்ல வந்து நிக்குது, ஏன்னா சால்வன்ட் 500 வேவ்நம்பருக்கு உண்டான வெப்பத்த கொடுக்குது, ஆனா வாங்கிக்கறது 250. அதாவது என் மாடல்ல வெளில குளிரா இருந்தா உள்ள சூடு, வெளில சூடா இருந்தா உள்ள குளிர். வெளில 300 டிகிரி ஏத்தினா உள்ள 60 டிகிரி ஏறுது. அறை வெப்பநிலைல மட்டும் ஓட்டியிருந்தா இத "கொஞ்சம் கூடுதலா கூலிங்"ன்னு சொல்லி தாண்டியிருப்பேன், சத்தியமா.

ஆனா இது மட்டும்னா 4000 வராது, இது முப்பது வேவ்நம்பர் கதைதான். 4000 வர்றது எலக்ட்ரான் பக்கத்துலேருந்து. கீழ் பரப்புக்கும் மேல் பரப்புக்கும் இடைவெளி 8000. ஸ்பிரிங் நகரும்போது எலக்ட்ரானோட இடது-வலது கலவையும் கூடவே மாறுது, அதனால ஸ்பிரிங்க மட்டும் தொடறேன்னு நினைச்சு போட்ட ஆபரேட்டர் எலக்ட்ரானையும் லேசா தட்டி விடுது. எவ்ளோ லேசா? காமால சுமார் நூத்துல ஒரு பங்கு. ஆனா அந்த தட்டல் மேல போறதுக்கும் கீழ வர்றதுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ரெண்டு பக்கமும் ஒரே வேகம்னா நீண்ட நேரத்துல பாதி மேல பாதி கீழ, 8000-ல பாதி 4000. கோடு நின்ன இடம் அதுதான். நிஜத்துல 300 கெல்வின்லயே 8000 உயரத்துக்கு தானா ஏற வாய்ப்பு 10-ன் அடுக்கு மைனஸ் 17 அளவுலதான் இருக்கும், என் மாடல் பூஜ்யம் கெல்வின்ல பாதிப் பேர மேல ஏத்தி உக்கார வச்சிருக்கு.

அப்போ ரெண்டாம் கிளாஸ் டெஸ்ட் எப்படி பாஸ் ஆச்சு? கப்ளிங் 500-க்கு பள்ளம் நகந்து நிக்குது ஆனா அதோட வளைவு மூணு சதவீதம்தான் குறையுது, படிக்கட்டு கிட்டத்தட்ட அதேதான், இடம் மட்டும் வேற. இடம் மாறினத ஹாமில்டோனியன்ல (மாலிக்யூலோட மொத்த சக்திய எழுதற கணக்கு) இருக்கற விசையே பாத்துக்குது. அதனால தப்பான டேம்பிங்கும் சரியான விடை கொடுக்குது. நான் டெஸ்ட் பண்ணது தப்பு தெரியாத எடத்துல, பயன்படுத்தினது தப்பு மட்டுமே தெரியற எடத்துல. இதே குழி சூப்பர்கண்டக்டிங் சர்க்யூட்காரங்களுக்கும் இருந்துச்சு, கப்ளிங் ரொம்ப பலமானா வழக்கமான டேம்பிங் ஒண்ணுமில்லாததுலேருந்து ஃபோட்டான் துப்புதுன்னு 2011-லயே போதுவான், கேம்பெட்டா, பிளே மூணு பேரும் எழுதியாச்சு. பக்கத்துத் துறைய எட்டிப் பாக்காதது என் சோம்பேறித்தனம்.

சரி பண்ணது எளிசுதான். ரெண்டு எலக்ட்ரான் நிலை, 60 படி, மொத்தம் 120 நிலை. ஹாமில்டோனியன முழுசா டயகனலைஸ் பண்ணி, அதாவது கலந்த மாலிக்யூலோட நிஜப் படிக்கட்ட கண்டுபிடிச்சு, அந்த சொந்த நிலைகளுக்கு நடுவுல மட்டும் சக்தி கசியற மாதிரி ரெட்ஃபீல்ட் முறைல எழுதறது, 1957 சமாச்சாரம். ஒவ்வொரு ஜோடிக்கும் அதோட நிஜ இடைவெளி என்னவோ அந்த அதிர்வெண்ல சால்வன்ட் என்ன உராய்வு தருதோ அது, மேல ஏறறதுக்கு போல்ட்ஸ்மன் தண்டனையோட (குளிர் கூட கூட ஏறற வாய்ப்பு குறையும்). பூஜ்யம் கெல்வின்ல மேல ஏறும் வேகம் பூஜ்யம். ஓட்டினோம், கோடு படுத்துச்சு. தம்பி முகத்துல ஒரு சிரிப்பு.

ஆனா அடுத்த பிரச்சனை உடனே வந்துச்சு, இத நான் அதிகமா ரசிச்சேன். இப்போ லைட் அடிச்சு மேல் பரப்புக்கு அனுப்பினா எலக்ட்ரான் இறங்கவே மாட்டேங்குது, நூத்துக்கணக்கான பிக்கோ நொடி மேலயே உக்காந்திருக்கு. 8000 வேவ்நம்பர ஒரே அடில சால்வன்ட்ல கொட்ட வேண்டியிருக்கு, ஸ்பிரிங்குக்கும் அந்த தாவலுக்கும் நடுவுல இருக்கற தொடர்பு ரொம்ப கம்மி. இதுல நான் போட்ட ஓமிக் உராய்வு வேற அதிர்வெண்ணோட சேந்து ஏறிட்டே போகும், 8000-ல 500-ல இருக்கறத விட 16 மடங்கு. எந்த சால்வன்ட்ல 8000 வேவ்நம்பருக்கு அவ்ளோ உராய்வு இருக்கு? உயர் அதிர்வெண்ல உராய்வ வெட்டற மாதிரி ஒழுங்கா கட்-ஆஃப் போட்டா இன்னும் மோசம், எலக்ட்ரான் மேலயே குடித்தனம் பண்ணும். நிஜ மாலிக்யூல்கள் இப்படி இல்ல.

நிஜம் எப்படின்னு தெரிய நல்ல இடம் சயனைடு பிரிட்ஜ் வச்ச இரும்பு-ருத்தீனியம் ஜோடி, இரும்ப சுத்தி சயனைடுகள், ருத்தீனியத்த சுத்தி அஞ்சு அமோனியா. 1990-கள்ல அதிவேக லேசர் வச்சு இத நிறைய குடைஞ்சிருக்காங்க. தண்ணில 1000 நானோமீட்டர் பக்கத்துல ஒரு பேண்ட், அங்க லைட் அடிச்சா எலக்ட்ரான் இரும்புலேருந்து ருத்தீனியத்துக்கு போகுது, திரும்பி வர்றதுக்கு ஆகற நேரம் சுமாரா 100 ஃபெம்டோ நொடி. என் ஸ்பிரிங் ரெண்டு தடவ கூட ஆடி முடிக்காது அதுக்குள்ள. அவ்ளோ வேகத்துல சக்தி எங்க போச்சுன்னா, அதுல கணிசமான பங்கு உடனே சால்வன்டுக்கு போகாம சயனைடு ஸ்ட்ரெச்சுக்குள்ள (கார்பன்-நைட்ரஜன் பிணைப்பு நீண்டு சுருங்கற ஆட்டம்) போய் ஒளிஞ்சுக்குது. அது 2050 வேவ்நம்பர் பக்கம். மேல ஏத்தின சக்தி பத்தாயிரம் பக்கம், முழுசும் அங்க போனா அஞ்சு குவாண்டம் வரைக்கும் பிடிக்கும். எலக்ட்ரான் வந்தப்புறம் அகச்சிவப்புல பாத்தா சயனைடு பேண்ட் கீழ சரிஞ்சு தெரியும், ஏன்னா உயர் படிகளோட இடைவெளி ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் சின்னது, பிக்கோ நொடி கணக்குல அது மெதுவா மேல ஏறி பழைய இடத்துக்கு வரும்.

ஆக ரெண்டு கடிகாரம். எலக்ட்ரான் வீடு திரும்பற நேரம் ஒண்ணு, சக்தி வீட்ட விட்டு வெளிய போற நேரம் இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல பத்து மடங்குக்கும் மேல வித்தியாசம். என் மாடல்ல ஒரே காமா, ஒரே ஸ்பிரிங், அதனால ரெண்டையும் ஒரே கடிகாரமா நினைச்சு ஓட்டியிருக்கேன். "டேம்பிங் எவ்ளோ"ன்னு மூணு வாரம் எண்ண மாத்திட்டு இருந்தேன், கேக்க வேண்டியது டேம்பிங் எங்கங்கறது: எந்த நிலைகளுக்கு நடுவுல, எந்த அதிர்வெண்ல.

அதிர்வெண் விஷயம் சும்மா வாய்வார்த்தை இல்ல. சாதா தண்ணில 2130 வேவ்நம்பர் பக்கத்துல ஒரு அகலமான பேண்ட் இருக்கு, தண்ணியோட வளைவு ஆட்டமும் திருகு ஆட்டமும் சேந்து வர்றது. சயனைடு ஸ்ட்ரெச் பக்கத்து வீடு மாதிரி. அதனால சயனைடு தன் சக்திய அதுக்கு கைமாத்தி விட்டுடும். கனநீர்ல (ஹைட்ரஜனுக்கு பதிலா டியூட்டீரியம் இருக்கற தண்ணி) அதே பேண்ட் 1550 பக்கம் இறங்கிடுது, கனநீரோட ஸ்ட்ரெச் 2500 பக்கம், நடுவுல 2050-ல பெருசா வாங்கிக்க ஆள் இல்ல, சயனைடு ரொம்ப நேரம் சூடாவே இருக்கும். வழவழன்னு போற ஓமிக் கோட்டுக்கு தண்ணியும் கனநீரும் ஒண்ணுதான். அங்க ஒரு மேடு வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். உராய்வு ஃபங்ஷன்ல 2130-ல ஒரு லாரன்ஸ் வடிவ மேடு போட்டோம், கனநீருக்கு அத தூக்கி 1550-ல வச்சோம், வேற எதையும் தொடல.

இப்போ மாடல்ல ரெண்டு வைப்ரேஷன். 500-க்கு 60 படி, சயனைடுக்கு 12 படி, எலக்ட்ரான் ரெண்டு நிலை, மொத்தம் 1440. டென்சிட்டி மேட்ரிக்ஸ்ல (மாலிக்யூலோட நிலைய குறிச்சு வைக்கற அட்டவணை) இருபது லட்சத்துக்கு மேல எண்கள். பழைய மூணாம் கிளாஸ் கிராஃப் எல்லாத்தையும் தூக்கிப் போட்டாச்சு, ரெண்டாம் கிளாஸ் ஒண்ணு மட்டும் தப்பிச்சுது. தம்பி லைட் அடிக்காம, பூஜ்யம் கெல்வின்ல, அடிமட்ட நிலைலேருந்து மொத ரன் போட்டிருக்கான், நேரத்துல இந்தத் தடவ வேணும்னே ஒரு பூஜ்யம் சேத்து. காலைல பாத்தப்ப எழுபது பிக்கோ நொடி வரைக்கும் வந்திருந்துச்சு, கோடு படுத்தபடிதான் இருக்கு.